“தாத்தாவுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?” – பிள்ளைகளின் ஓசிடி, பதற்றம்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

தஞ்சை அம்மா:

மூன்று வருடமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. ஓசிடி என்றால், வேண்டாத பயமோ எண்ணமோ திரும்பத் திரும்ப வந்து, அதைப் போக்க ஒரே காரியத்தை ஓயாமல் செய்யவைக்கிற மனநோய். என் மகளுக்கு அப்போது 9 வயது. அடிக்கடி கை கழுவ ஆரம்பித்தாள். சுத்தமாக இருக்கிறாளே என்று முதலில் சந்தோஷப்பட்டோம். இரண்டே மாதத்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. சாதம் பிசைந்தால் குழம்பு பட்டு எரிகிறது என்று ஸ்பூன் கேட்டாள். தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம், களிம்பு கொடுத்தார்.

தன் கையிலிருந்து கிருமி ஒட்டித் தாத்தா செத்துப்போய்விடுவார் என்பதுதான் அவளுடைய பயம். “தாத்தாவுக்கு ஒன்னும் ஆகாதுல்லம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்குள் 31 தடவை. ஒவ்வொரு தடவையும் “ஆகாதுடி தங்கம்” என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

கொஞ்சம் கொஞ்சமாக வீடே அவள் பயத்துக்கு ஏற்றபடி மாறிவிட்டது. அவளுக்குத் தனித் துண்டு, தனி டம்ளர். புத்தகப் பை திண்ணையிலேயே இருக்கும். அவள் தாழ்ப்பாளைத் தொடக் கூடாது என்று நாங்கள்தான் ஓடிப்போய்க் கதவைத் திறப்போம். அவள் அப்பா வேலையிலிருந்து வந்தால் கால் கழுவி, சட்டை மாற்றிய பிறகுதான் உள்ளே வரலாம். சொந்தக்காரர்கள் சொன்னபடி தாயத்தும் கட்டினோம். ஒரு பெரியவர் “பொம்பளப் புள்ள, சுத்தம் பாக்குது, நல்லதுதானே” என்றார். அந்தப் பேச்சில் மட்டும் ஒரு வருடம் போயிற்று.

கடைசியில் ஒரு சைக்காலஜிஸ்டிடம் போனோம். அவர் மகளிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார். “அவ கேக்குறப்ப நீங்க என்ன பதில் சொல்றீங்க?” என்றார். சொன்னேன். “அந்தப் பதில் எவ்வளவு நேரம் தாங்குது?” என்றார். ஐந்து நிமிடம்கூடத் தாங்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு தாளில் பயத்தைப் படிக்கட்டு மாதிரி வரைந்து, மகளையே மார்க் போடச் சொன்னார். தாழ்ப்பாளுக்கு 3, பஸ் கம்பிக்கு 6, செருப்பின் அடிப்பக்கத்துக்கு 9. வாரம் ஒரு படி. தொட வேண்டும், கழுவாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், பயம் எத்தனை மார்க் என்று அவ்வப்போது சொல்ல வேண்டும். எனக்கும் வீட்டுப்பாடம் உண்டு. அவள் கேட்டால் “ஆகாது” என்று சொல்லக் கூடாது. “உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. அதைத் தாங்க உன்னால முடியும்னும் எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொல்ல வேண்டும்.

செருப்பு நாளை நான் மறக்கவே மாட்டேன். தாழ்வாரத்தில் உட்கார்ந்து செருப்பின் அடியில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கையை மடியில் வைக்காமல் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள். “ஒன்பது” என்றாள். சுவரில் கடிகாரம். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. “தாத்தாவுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?” நான் பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னேன். உள்ளே ஈஸிசேரில் இருந்த என் மாமனார், “எனக்கு ஒன்னும் ஆகாது கண்ணு” என்று சொல்லத்தான் எழுந்து வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அந்த மனுஷர் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போய்விட்டார். கால் மணி நேரத்தில் ஒன்பது ஏழானது. அப்புறம் ஐந்து. நாற்பது நிமிடம் கழித்து அவளே, “அம்மா, பசிக்குது” என்றாள்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். மாத்திரை பற்றியும் யாராவது சொன்னால் நல்லது, எனக்கு அதில் பயம் உண்டு.

மதுரையிலிருந்து ஒரு உளவியலாளர்:

அம்மா, நீங்கள் செய்தது சின்ன வேலை இல்லை. என்னிடம் வரும் பெற்றோரில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் நீங்கள் சொன்ன அந்த 31 பதில்கள்தான்.

இந்தச் சிகிச்சைக்கு ஒரு வரலாறு உண்டு. 1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதுவரை இந்த நோய்க்கு வழியே இல்லை என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். ஓயாமல் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் அறைக்குழாயில் தண்ணீரையே நிறுத்தி, நர்ஸுகள் கூடவே இருந்து கவனித்தார்கள். இன்று யாரும் பிள்ளைகளிடம் அப்படிச் செய்வதில்லை, செய்யவும் கூடாது. உங்கள் மகள் தானே மார்க் போட்டு, தானே கையை வைத்தாள் பாருங்கள், அதுதான் இப்போதைய முறை.

மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். 2004இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஓசிடி உள்ள 7 முதல் 17 வயது வரையுள்ள 112 பேரை நான்கு பிரிவாகப் பிரித்து 12 வாரம் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். ட்யூக், பென்சில்வேனியா, பிரவுன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்த ஆய்வு அது. நோயின் பிடி ஏறக்குறைய விட்டுப்போனவர்கள் என்று பார்த்தால், சிபிடி என்கிற இந்தப் பயிற்சியும் செர்ட்ரலின் மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 54 சதவீதம். பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 39, மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 21. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை வாங்கியவர்களில் 4 சதவீதம்கூட இல்லை. இந்தக் கடைசி எண்ணை “வளர்ந்தா தானா சரியாப் போயிடும்” என்று சொல்கிறவர்களிடம் நான் அடிக்கடி சொல்வேன்.

மாத்திரை வேண்டுமா என்பதை மனநல மருத்துவர் பிள்ளையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். இந்த வகை மருந்துகள் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணத்தைத் தூண்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் கடும் எச்சரிக்கை கொடுத்தது. அதனால் முதல் சில வாரங்கள் பிள்ளையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பயிற்சி மட்டும் போதுமானதாக இருந்தால் அதிலேயே தொடங்கலாம்.

ஒரு தம்பி, திருநெல்வேலி:

எல்லாருக்கும் கை கழுவுவதாக வராது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்கு 12 வயதில் சாமி முன்னால் நின்றால் சாமியைப் பற்றியே அசிங்கமான எண்ணம் வரும். அதை அழிக்கத் தோப்புக்கரணம். எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து. பிள்ளையாருக்கு முன்னால் 108 போட்டும் மனசு ஆறாமல் திரும்பவும் ஆரம்பித்திருக்கிறேன். வீட்டில் பக்தி என்று பெருமைப்பட்டார்கள். நான் பாவி என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. இது நோய் என்று 22 வயதில்தான் தெரிந்தது. மருந்து வேலை செய்ய இரண்டு மாதம் ஆயிற்று. பத்து வருடம் வீணாயிற்றே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. உங்கள் பிள்ளை திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டால், ரகசியமாக எதையோ எண்ணிக்கொண்டிருந்தால், திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

நியூஜெர்சியிலிருந்து ஒரு அப்பா:

எங்களுடையது ஓசிடி இல்லை, பிரிவுப் பதற்றம். மகனுக்கு 8 வயது. தனியாகத் தூங்க மாட்டான், அவன் அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நிற்பான். தெரபிஸ்டைப் பார்க்க வர மாட்டேன் என்று காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டான். அப்போதுதான் பெற்றோருக்கு மட்டும் சொல்லித்தரும் ஒரு முறையைச் சொன்னார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு உருவாக்கியது, ஸ்பேஸ் என்று பெயர். 7 முதல் 14 வயது வரையுள்ள 124 பிள்ளைகளைக் கொண்டு ஒரு ஆய்வு செய்து 2020இல் வெளியிட்டார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு நேரடியாக சிபிடி. மீதிப் பிள்ளைகள் தெரபிஸ்டிடம் வரவே இல்லை, அப்பா அம்மாதான் 12 வாரம் போனார்கள். இரண்டு முறைக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

நாங்கள் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினோம். “இனி அப்பா உன் பக்கத்தில் படுக்க மாட்டேன், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவேன்” என்று. தமிழில் நான் படித்தேன், இங்கிலீஷில் அவன் அம்மா படித்தாள். அவன் கடிதத்தைக் கிழித்துப் போட்டான். அப்போது எங்களோடு இருந்த என் மாமியார், “பச்சப்புள்ள பக்கத்துல படுக்குறதுல உங்களுக்கு என்னய்யா நஷ்டம்?” என்று அழுதார். ஊரில் எல்லாரும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள்தானே நாம், அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சேர்ந்து படுப்பதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை, பயந்துபோய் அவன் அதைக் கேட்டதுதான் பிரச்சினை. அதை அத்தைக்குப் புரியவைக்க மகனுக்கு ஆனதைவிட அதிக நாள் ஆயிற்று. ஆறாவது வாரம் அவன் தனியாகத் தூங்கினான்.

மதுரை உளவியலாளர்:

அந்த ஆய்வு பதற்ற நோய்களுக்கானது, ஓசிடிக்கு நேரடிப் பயிற்சிதான் முதலில். ஆனால் பிள்ளையின் பயத்துக்கு வீட்டார் விட்டுக்கொடுப்பது இரண்டிலும் நோயை வளர்க்கிறது. பக்கத்தில் சிகிச்சை தர ஆள் இல்லாதவர்கள் 14416க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது.

தஞ்சை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. தம்பி, நீங்கள் எழுதியதை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன், அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

மகளுக்கு இப்போது 13 வயது. போன மார்கழியில் கோலத்துக்கு நடுவே வைக்கச் சாணியை அவளே உருட்டிப் பிள்ளையார் பிடித்து, பூசணிப்பூ செருகினாள். ஒரே தடவைதான் கை கழுவினாள், நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பரீட்சை நேரத்தில் எட்டிப் பார்க்கும். போன வாரம் கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி வந்து, “தாத்தாவுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, “நீ சொல்ல மாட்டேன்னு தெரியும்மா” என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.