கச்சேரி, கற்பித்தல், ஒலிப்பதிவு: மூன்றும் ஒருவருக்குக் கூடிவருமா?

சாதகன்28:
அனைவருக்கும் வணக்கம். நான் வாய்ப்பாட்டுக் கலைஞன். வானொலி நிலையம் கலைஞர்களுக்குத் தரும் தரவரிசையில் தொடக்கத் தரத்துக்கு அடுத்ததான பி-ஹை தரம் பெற்றிருக்கிறேன். மார்கழியில் மூன்று நான்கு சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகள் கிடைக்கின்றன. அவற்றின் சன்மானம் போக்குவரத்துச் செலவுக்கே சரியாகிவிடுகிறது. இப்போது வெளியூர் இசைக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணி கிடைக்கும் போலிருக்கிறது. "வாத்தியார் என்று பெயர் விழுந்துவிட்டால் மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள்" என்று உடன் பாடுபவர்கள் எச்சரிக்கிறார்கள். அது உண்மைதானா? ஒலிப்பதிவுகளை வெளியிட்டால் வருமானத்துக்கு வழி உண்டா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பி, அந்த எச்சரிக்கையை நான் ஏற்கவில்லை. 1939-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற முசிரி சுப்பிரமணிய ஐயர், 1940-களின் நடுவில் கச்சேரி மேடையிலிருந்து விலகிய பிறகு, 1949-இல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்திய கர்நாடக இசைக் கல்லூரியின் முதல் முதல்வராகி, டி.கே. கோவிந்தராவ், மணி கிருஷ்ணசுவாமி போன்றோரை உருவாக்கினார். அதே கல்லூரியில் கற்பித்த டி. பிருந்தா அதிகக் கச்சேரிகள் செய்தவர் அல்லர். ஆனாலும் மேடையில் உச்சத்தில் இருந்த எம்.எஸ். சுப்புலட்சுமி போன்றவர்களே அவரிடம் பதங்களை, அதாவது மெதுவான நடையில் அமைந்த காதல் பாடல்களை, பாடம் செய்துகொண்டார்கள். கற்பிப்பதைத் தோற்றவரின் தொழிலாகப் பார்க்கும் வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

ஒருகட்டை:
ஐயா சொல்வது சரியே. ஆனால் முசிரி பெயர் பெற்ற பிறகு ஆசிரியரானவர், கேள்வி கேட்பவரோ இனிமேல்தான் பெயரெடுக்க வேண்டும். இவருக்கு எம்.டி. ராமநாதனின் வாழ்க்கை கூடுதலாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். சென்னையின் கலைப்பள்ளியான கலாக்ஷேத்திராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பின்னர் அதன் இசைக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தவர், தமக்கே உரிய அந்த விளம்ப காலத்தை (மிக மெதுவான நடையை) விட்டுக்கொடுக்காமல் மேடையிலும் நிலைத்தார்.

உண்மையான ஆபத்து பெயரில் இல்லை, குரலில் இருக்கிறது. என் சுருதி, அதாவது பாடும்போது அடிப்படையாகக் கொள்ளும் ஒலி உயரம், ஒரு கட்டை; கட்டை கூடக் கூட உயரமும் கூடும். என்னிடம் பயில்பவர்களில் பெரும்பாலோர் ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்கள். அவர்கள் சுருதியில் நாள்தோறும் நான்கு மணி நேரம் பாடிக் காட்டி, இரண்டே ஆண்டுகளில் என் மேல் ஸ்தாயி கரகரத்துப் போனது. இப்போது வகுப்பில் பாதியை வீணையில் வாசித்துக் காட்டுகிறேன். இன்னொன்று, இணையவழி வகுப்பு: அமெரிக்க மாணவர்களின் மாலை நேரம் நமக்கு விடியற்காலை, அதாவது சாதகம் (குரல் பயிற்சி) செய்ய வேண்டிய அதே நேரம். பணம் அங்கேதான் இருக்கிறது, இழப்பும் அங்கேதான். கல்லூரி வேலையில் குறைந்தபட்சம் அந்த விடியற்காலை உங்களுக்கே மிஞ்சும்.

பழைய இசைத்தட்டு:
ஒலிப்பதிவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடமே ஓடிய 78 சுழற்சித் தட்டுகளின் காலத்திலும் பதிவு என்பது பலருக்கு முகவரிச் சீட்டாகவே இருந்தது. தட்டைக் கேட்டவர்கள் கச்சேரிக்கு வந்தார்கள். இன்றும் நிலை ஏறக்குறைய அதுவே. 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம், பதிவு வணிக நோக்கில் பயன்படுத்தப்படும்போது கலைஞருக்கும் உரிமைத்தொகை உண்டு என்கிறது. ஆனால் கீர்த்தனை கேட்பவர்களின் எண்ணிக்கையை வைத்து அதில் குடும்பம் நடத்த முடியாது. பாடல் தேர்விலும் கவனம் வேண்டும். தியாகராஜர் கீர்த்தனைகளை வெளியிட யாருடைய அனுமதியும் தேவையில்லை. பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தவர். ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் என்ற கணக்குப்படி, அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது.

சாதகன்28:
மிக்க நன்றி. கல்லூரியில் டிசம்பர் மாதம் விடுப்புக் கிடைக்குமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
சேரும்போதே அதைப் பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பருவத் தேர்வும் மார்கழியும் ஒன்றாக வந்து, பகல் கச்சேரிகள் இரண்டை நான் கைவிட நேர்ந்ததுண்டு.