பேச்சு குறைவான வேடம்: டி.எஸ். பாலையாவிடம் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?

ஜெலுத்தோங் தம்பி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி நிதிக்காகத் தீபாவளிக்கு முன்னால் ஒரு மேடை நாடகம் போடுகிறோம். எனக்குத் தாத்தா வேடம். திரை தூக்கியதிலிருந்து இறக்கும் வரை மேடை ஓரத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று மகன்கள் வீட்டுக்காகச் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள். எனக்கு மொத்தம் ஒன்பது வரி வசனம்தான்.

வசனம் குறைவு என்பதால் சுலபம் என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். இப்போது கையை எங்கே வைப்பது, எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. மற்றவர்கள் பேசும்போது என் வரி எப்போது வரும் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கிறேன், அது முகத்தில் அப்படியே தெரிகிறதாம். நாடகத்தை இயக்கும் அண்ணன் போன வாரம், "பாலையா படம் நாலு பார்த்துட்டு அப்புறம் வா" என்று சொல்லிவிட்டார்.

எனக்குத் தெரிந்த பாலையா ‘திருவிளையாடல்’ பாகவதர் மட்டும்தான். அவர் யார், எந்தப் படத்தை முதலில் பார்ப்பது, எதைக் கவனிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி:

தம்பி, நல்ல ஆளைத்தான் காட்டியிருக்கிறார் உங்கள் அண்ணன். பாலையா 1914-இல் சுண்டங்கோட்டையில் பிறந்தவர். அப்போது அது திருநெல்வேலிச் சீமை, இப்போது தூத்துக்குடி மாவட்டம். நாடக மேடையில் இருந்துவிட்டுச் சினிமாவுக்கு வந்தார். முதல் படம் 1936-இல் வந்த ‘சதி லீலாவதி’. எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம், இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். மறு வருஷமே ‘அம்பிகாபதி’யில் தியாகராஜ பாகவதருக்கு எதிரியாக வாள் பிடித்தார்.

ரொம்ப வருஷம் வில்லன்தான். ‘தூக்குத் தூக்கி’யில் (1954) கொச்சைத் தமிழ் பேசும் சேட்டாக வருவார், அதில் வில்லத்தனமும் இருக்கும், சிரிப்பும் இருக்கும். அங்கிருந்து மெல்ல மெல்ல அப்பா, அண்ணன், பாகவதர், தவில்காரர் என்று போனார். 1972-இல் இறந்தபோது வயது 57. ‘காதலிக்க நேரமில்லை’ வந்தபோது அவருக்கு 50 கூட நிறையவில்லை. முதுமையை அவர் தலைநரையில் மட்டும் காட்டவில்லை, உட்காருவதிலும் எழுந்திருப்பதிலும் காட்டினார். உங்களுக்கு அது உதவும்.

சுங்கை பாக்காப் வாத்தியார்:

தம்பி, நான் சொல்வது கொஞ்சம் நீளும். பாலையாவைப் பற்றிப் பேச எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நான் பிறந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டினவர்கள். மாரியம்மன் திருவிழா சமயத்தில் திடலில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். முன்பக்கம் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டார், வேலையை மேற்பார்க்கும் தண்டல் வீட்டார், அப்புறம் பாய் கொண்டு வந்து இடம் பிடித்த பெரியவர்கள். இடம் கிடைக்காத பொடியன்கள் நாங்கள் துணிக்குப் பின்னால் போய்ப் புல்லில் உட்கார்ந்துகொள்வோம். பின்னாலிருந்தும் படம் நன்றாகவே தெரியும். இடம் வலமாக, வலம் இடமாகத் தெரியும், அவ்வளவுதான். ‘தில்லானா மோகனாம்பாள்’ நான் முதலில் பார்த்தது அந்தப் பக்கத்திலிருந்து. பாலையா இடக்கைத் தவில்காரர் என்றே பல வருஷம் நம்பியிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வீடியோ கேசட்டில் பார்த்தபோதுதான் குச்சி எந்தக் கையில் இருக்கிறது என்று தெரிந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒலிபெருக்கி முன்பக்கத்தைப் பார்த்து வைத்திருப்பார்கள். பின்னால் எங்களுக்கு வசனம் பாதி காற்றோடு போய்விடும். அதனால் முகங்களைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொள்வோம். பேசுகிறவர் முகத்தைப் பார்த்தால் கோபமா, சிரிப்பா என்பது மட்டும் தெரியும். என்ன பேசினார் என்பது கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தில்தான் இருக்கும். பாலையா கேட்கிற ஆளாக வந்த காட்சிகளில் எங்களுக்கு வசனமே தேவைப்பட்டதில்லை. வீடு திரும்பும்போது முன்பக்கம் உட்கார்ந்த அக்காவிடம் கதையைச் சொல்லிப் பார்ப்பேன், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

உங்களுக்கு முதல் படம் ‘பாமா விஜயம்’ (1967). கே. பாலசந்தர் இயக்கியது. உங்கள் தாத்தாவைப் போலவே அவருக்கும் மூன்று மகன்கள்: மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ். பக்கத்து வீட்டுக்கு ஒரு சினிமா நடிகை குடிவந்ததும் மருமகள்கள் கடன் வாங்கி ஆடம்பரம் பண்ண ஆரம்பிப்பார்கள். அந்தப் பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே வளைய வருவார். திட்ட வேண்டிய இடத்தில் திட்டுவார், ஆனால் பல இடங்களில் வெறுமனே பார்ப்பார். அந்தப் பார்வையில் கோபத்தோடு கொஞ்சம் பாசமும் கலந்தே இருக்கும். அதைக் கவனியுங்கள்.

சொத்துச் சண்டை என்றீர்கள். அப்படியானால் ‘பாகப்பிரிவினை’ (1959) பார்த்தே ஆக வேண்டும். அதில் அவர் அண்ணன், எஸ்.வி. சுப்பையா தம்பி. குடும்பம் இரண்டாகும்போது அண்ணன் முகத்தில் வீறாப்பும் வலியும் மாறி மாறி வரும். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அந்தப் படத்தைப் பார்த்து அழாத பெரியவர்கள் குறைவு. ஊரில் பங்காளியோடு பேச்சு முறிந்து கப்பலேறி வந்தவர்கள் சிலர் அங்கே இருந்தார்கள்.

அடுத்தது ‘காதலிக்க நேரமில்லை’ (1964). நாகேஷ் படம் எடுக்கப் போவதாகச் சொல்லி அப்பாவாக வரும் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தடவை அதை நாகேஷைப் பார்க்காமல் பாருங்கள். கஷ்டம்தான், கையால் திரையில் அந்தப் பாதியை மறைத்துக்கொண்டாவது பாருங்கள். முதலில், உருப்படாத பையன் ஏதோ உளறுகிறான் என்ற அலட்சியம் தெரியும். ஒரு சத்தம் கேட்டதும் அலட்சியத்தில் ஒரு சின்ன ஓட்டை விழும். பிறகு கண் விரியும், வாய் திறந்தபடி நிற்கும், அந்தப் பெரிய உடம்பு ஒடுங்கிக்கொண்டே போகும். நாகேஷ் எவ்வளவு கொடுக்கிறாரோ அவ்வளவுதான் வாங்குவார். ஒரு பிடி கூட அதிகமாக எடுத்துக்கொள்ள மாட்டார். நாகேஷின் கதை நமக்குப் பயமாக இருப்பதற்கு எதிரே கேட்டுக்கொண்டிருப்பவர் பயப்படுவதுதான் காரணம். இந்தியில் இதே படத்தை ‘பியார் கியே ஜா’ என்று எடுத்தபோது ஓம்பிரகாஷும் மெஹ்மூதும் அந்தக் காட்சியைச் செய்தார்கள்.

அந்தப் படத்தில் தோட்டத்து சனங்களுக்குத் தனி ருசி ஒன்று இருந்தது. எஸ்டேட் முதலாளி என்றால் எங்களுக்கு வெள்ளைக்காரத் துரை. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற காலத்தை அப்பா சொல்லியிருக்கிறார். இங்கே எஸ்டேட் முதலாளி பாலையா, தமிழ் பேசுகிறார், அவரால் வேலை போன ஒருவன் அவர் வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டு வேலை கேட்டுப் பாடுகிறான்! அந்தப் பாட்டுக்குத் திடலில் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாடுகிற ரவிச்சந்திரன் நம் கோலாலம்பூரில் பிறந்தவர், அதுதான் அவருக்கு முதல் படம். அந்தப் பாட்டு முழுக்கப் பாலையாவுக்கு எரிச்சலோடு நிற்பதைத் தவிர வேலை இல்லை. ஆனால் அவர் அப்படி எரியாவிட்டால் பாட்டில் உப்பு இருக்காது.

கடைசியாக உங்களுக்குத் தெரிந்த பாகவதர். எல்லாரும் பாலமுரளிகிருஷ்ணா குரலுக்கு அவர் வாயசைத்த பாட்டையே பேசுவார்கள். அதில் உள்ள திமிர் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு, இரவில் விறகுவெட்டியாக வந்த சிவாஜி பாடுவதைக் கேட்கும் இடம். இவன் பாட லாயக்கில்லை என்று, தன்னோடு போட்டிக்குப் பாட வேண்டிய பாண்டிய நாட்டுப் பாடகர் பாணபத்திரர் தள்ளிவிட்டார் என்பது தெரிந்ததும், தள்ளப்பட்டவனே இப்படிப் பாடினால் தள்ளியவர் எப்படிப் பாடுவார் என்ற கணக்கு அந்த முகத்தில் ஓடும். ராஜசபையில் நிமிர்ந்திருந்த அதே கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பாண்டிய நாட்டையே அடிமைப்படுத்த வந்தவர் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டுப் போகிறார், நமக்கு அவர்மேல் கோபமே இருக்காது. வில்லனாக வந்த ஒருவர் மேல் இரக்கம் வர வைப்பது அவர் கேட்ட விதத்தால் நடந்தது.

பட்டர்வொர்த் தவில்:

வாத்தியார் ஐயா தவிலைத் தொட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டார், அதை நான் சொல்கிறேன். இங்கே கோயிலில் வாசிக்கிறேன்.

எங்களில் பெரும்பாலோருக்கு வலது கை விரல்களில் கூடு, இடது கையில் பூவரசங்குச்சி. புதிதாகக் கற்றுக்கொள்கிற பையன் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். என் குரு முதலில் நிறுத்திய பழக்கம் அதுதான். நாயனக்காரர் கன்னத்தைப் பார்க்கச் சொல்வார். கன்னம் உப்புவதையும் வடிவதையும் பார்த்தால் மூச்சு எங்கே முடியும் என்று தெரியும், அது தெரிந்தால்தான் எங்கே அடக்கி வாசிப்பது, எங்கே நிரப்புவது என்று கை தானாகப் போகும். ‘தில்லானா’வில் சிவாஜிக்காக நாயனம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஓசை எங்கிருந்தோ வருகிறது, ஆனால் பாலையா சிவாஜியின் முகத்தைப் பார்க்கிற பார்வை எங்கள் பார்வை. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் பல மணி நேரம் நின்று வாசித்திருக்கிறேன். கால் மரத்துப்போன பிறகும் கண் நாயனத்தை விட்டு நகராது. அந்த ஒட்டுதல் அவரிடம் இருக்கிறது.

தம்பிக்கு என் யோசனை ஒன்றுதான். உங்கள் வரியை எண்ணுவதை விட்டுவிடுங்கள். பேசுகிற மகனின் மூச்சைப் பாருங்கள்.

ஜெலுத்தோங் தம்பி:

ஐயா, அண்ணன்மார்களே, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து ‘பாமா விஜயம்’ பார்த்தேன், தூக்கம் வரவில்லை. மறுநாள் வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி நாகேஷைக் கையால் மறைத்துக்கொண்டு அந்தப் பேய்க்கதையை மூன்று தடவை பார்த்தேன்.

நேற்று ஒத்திகை. மூத்த மகனாக நடிப்பவர் கத்துவதற்கு முன்னால் தோளைத் தூக்கி மூச்சு இழுப்பார். இத்தனை நாள் நான் அதைக் கவனித்ததே இல்லை. நேற்று அதைப் பார்த்ததும், திட்டு வரப்போகிறது என்று எனக்கே அடிவயிற்றில் என்னவோ செய்தது, கை தானாக நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டது. இரண்டாவது மகன் அம்மாவின் நகையைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர் சொல்வதை நிஜமாகவே கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். என் நாலாவது வரியை விட்டுவிட்டேன்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மேடைக்கு வந்து என் நாற்காலியை ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக இரண்டடி நகர்த்தி வைத்துவிட்டு, "அந்த வரி வேண்டாம், மேல போங்க" என்றார்.

சுங்கை பாக்காப் வாத்தியார்:

எட்டு வரி ஆகிவிட்டதா! நாடகம் எந்தத் தேதி என்று இங்கேயே போடுங்கள் தம்பி, நானும் வீட்டுக்காரியும் பாலம் தாண்டி வருகிறோம். முன்வரிசை எல்லாம் வேண்டாம். உங்கள் முகம் தெரிகிற பக்கமாக இரண்டு இடம் பிடித்து வையுங்கள்.