கரிசல் மண்ணில் வீடு: அண்டர்ரீம் பைலா, தூண் ஃபுட்டிங்கா?

விளாத்திகுளத்தான்
தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டணும். சுத்தக் கரிசல், கோடையில் வெடிப்புக்குள்ள கை போகுது. 300 மி.மீ. அண்டர்ரீம் பைல் (அடியில குடம் மாதிரி அகலமா விரியுற கான்கிரீட் தூண்), 3.5 மீட்டர் ஆழம்னு இன்ஜினியர் சொல்றார். 5 அடியில ஃபுட்டிங் (தூணுக்கு அடியில அகலமான கான்கிரீட் பாதம்) போதும்ங்கிறார் கொத்தனார். பைல்னா சைட்ல எதைப் பார்க்கணும்?

மண்பரிசோதனை
இன்ஜினியர் பேச்சைக் கேளுங்க. கரிசல் மழையில ஊதும், வெயில்ல சுருங்கும். 5 அடிங்கிறது அந்த ஏறி இறங்குற மண்ணுக்குள்ளேயேதான் இருக்கு. சுமை குறைஞ்ச மூலையைத் தூக்கிவிடும், ஜன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வா வெடிக்கும். 3.5 மீட்டருக்குக் கீழ ஈரம் அவ்வளவா மாறாது. அங்க இருக்கிற பல்ப்தான் (பைலோட விரிஞ்ச அடிப்பகுதி) பைலை மேல வரவிடாமப் பிடிக்குது. அதனால கம்பிக்கூடு அடிவரைக்கும் போகணும், பாதியில நிறுத்த விடாதீங்க. முதல்ல ஃப்ரீ ஸ்வெல் டெஸ்ட் (தண்ணியில மண் எவ்வளவு ஊதுதுன்னு பார்க்கிற சோதனை) எடுங்க. 50 சதவீதத்தைத் தாண்டினா பைல்தான், யோசிக்கவே வேண்டாம்.

சைட் சூப்பர்வைசர்
பெரிய ஏமாற்றே பல்ப்லதான். 300 மி.மீ. தண்டுக்கு (பைலோட நேர் பகுதி) பல்ப் 750 மி.மீ. விட்டம் வரணும். பல்ப் குடையுற கருவியைக் குழிக்குள்ள இறக்கி, கைப்பிடியை அழுத்திச் சுத்தச் சுத்த பிளேடு விரியும், வெட்டின மண் பக்கெட்ல விழும். பக்கெட்டைப் பல தடவை தூக்கிக் கொட்டணும். ரெண்டு தடவையோட முடிச்சா பல்ப் முழுசா வரலைன்னு அர்த்தம்.

கான்கிரீட்டையும் அளந்துக்கோங்க. வெறும் தண்டுக்கு 8.7 கன அடி, பல்ப்போட சேர்த்து 11.3 கன அடி பிடிக்கணும். கன மீட்டருக்கு 400 கிலோ சிமெண்ட்னா பைலுக்கு சுமார் இரண்டரை மூட்டை. ரெண்டு மூட்டையிலேயே குழி நிறைஞ்சா பல்ப் இல்ல, இல்லைன்னா மண் சரிஞ்சு மூடியிருக்கு. தோண்டின அன்னைக்கே போட்டுடுங்க. ஸ்லம்ப் (கான்கிரீட்டோட இளக்கத்தைக் காட்டுற அளவு) 100 முதல் 150 மி.மீ.; கெட்டியா இருந்தா பல்ப் ஓரத்துக்குப் போகாது. பைலுக்குப் பைல் சென்டர் தூரம் 1.5 மீட்டருக்குக் குறையக்கூடாது.

விளாத்திகுளத்தான்
குழியில தண்ணி ஊறினா?

சைட் சூப்பர்வைசர்
குழிச்சுவர் சரியாம இருக்க பென்டோனைட் (ஒருவகைக் களிமண்) கரைசல் நிரப்பித் தோண்டணும், ட்ரெமி குழாய் (குழியோட அடிவரைக்கும் போற நீளக் குழாய்) வழியா அடியிலிருந்து கான்கிரீட் ஏத்தணும். மேலேயிருந்து கொட்டினா சிமெண்ட் கரைஞ்சு ஜல்லிதான் மிஞ்சும். தளர்ந்த மணலா இருந்தா பல்ப் நிக்காது, வேற பைல்தான்.

மண்பரிசோதனை
இன்னொண்ணு, பிளிந்த் பீமை (பைல்களை இணைச்சு சுவரைத் தாங்குற கான்கிரீட் உத்தரம்) மண்ணு மேல உட்கார வைக்காதீங்க. பீம் அடியில 80 மி.மீ. வெற்றிடம் வேணும். செங்கல் அடுக்கிப் பலகை போட்டு வார்த்தா, இறுகினதும் எல்லாத்தையும் உருவிடணும். விட்டுட்டா மழைக்கு மண் ஊதிப் பீமையே தூக்கும், பைல் போட்ட காசு வீண். வெளிப்பக்க மண் அந்த இடைவெளியில சரியாம ஓரத்துல தடுப்பு வைக்கச் சொல்லுங்க.