கையால தோல் உறை தைக்கிறவங்க வாங்க, யாருக்குச் செஞ்சீங்க, அவங்ககிட்ட என்ன கத்துக்கிட்டீங்கன்னு சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நாலு வருஷமா லீவு நாள்ல தோல் உறை தைக்கிறேன். கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், டேப் இதெல்லாம் பெல்ட்ல மாட்டிக்கிற மாதிரி. துப்பாக்கிக்கு ஹோல்ஸ்டர் செய்வாங்கள்ல, அதே வேலைதான், உள்ள இருக்கிற சாமான்தான் வேற.

முதல்ல செஞ்சது எங்க சித்தப்பாவுக்கு. அவரு வயர்மேன், 30 வருஷமா பிளேயரை பேண்ட் பின்பாக்கெட்லயே வெச்சு எத்தனையோ பேண்ட் கிழிஞ்சிருக்கு. சரி நாம ஒண்ணு தச்சுக் குடுப்போம்னு சென்னைல தோல் கடைங்க இருக்கிற பெரியமேடு போயி பாக்க நல்லா பளபளன்னு இருந்த ஒரு தோலை வாங்கிட்டு வந்து தண்ணில ஊறவெச்சு பிளேயர் மேல அமுக்கி அமுக்கிப் பாக்குறேன், காஞ்சதும் துணி மாதிரி தொளதொளன்னு ஆயிடுது, வடிவம் நிக்கவே மாட்டேங்குது. திரும்ப அதே கடைக்குப் போனேன். கடைக்கார பாய் அந்தத் துண்டை வாங்கி வெட்டின ஓரத்தைக் காட்டுனாரு. "பாருங்க தம்பி, நடுவுல நீலச் சாம்பலா தெரியுதா, இது குரோம் உப்பு போட்டுப் பதப்படுத்தினது, ஷூ மேல்பாகத்துக்கு, பைக்கு நல்லாருக்கும். உங்களுக்கு வேண்டியது மரப்பட்டை போட்டுப் பதப்படுத்தினது, அது வெட்டினா உள்ள வரைக்கும் பழுப்பாத்தான் இருக்கும்"னாரு. அந்தக் காலத்துல நம்ம பக்கம் ஆவாரம் பட்டைல ஊறவெச்சு கடுக்காய் போட்டுத்தான் பதம் பண்ணுவாங்க, வெளிநாட்டுக்காரன் அதைத்தான் ஈஸ்ட் இந்தியா லெதர்னு வாங்கிட்டுப் போனான்னும் சொன்னாரு. அன்னைக்கு ஒரு மணி நேரம் நின்னுக்கிட்டே கேட்டேன், அந்த மனுஷனுக்கு இன்னைக்கும் நன்றி.

அடுத்த தடவை 3 மில்லி மீட்டர் பட்டைத் தோல். தண்ணில போட்டதும் குட்டிக் குட்டியா குமிழ் வரும், அது நிக்கிற வரைக்கும் விட்டு எடுத்துடணும். உடனே அமுக்கக் கூடாது, மேல கொஞ்சம் பழைய நிறம் திரும்புற வரைக்கும் காத்திருந்து, பிளேயரை பாலிதீன் கவர்ல சுத்தி உள்ள விட்டு, கட்டைவிரலாலயும் ஸ்பூன் முதுகாலயும் தேச்சுக்கிட்டே வந்தா மூட்டுல இருக்கிற அந்த ரவுண்டு ஆணி கூட தோல்ல அப்படியே எழும்பி வரும் பாருங்க, அந்த நிமிஷத்துக்காகவேதான் நான் இதைச் செய்றேன். அப்புறம் நிழல்ல ஒரு நாள் முழுக்க. வெயில்ல வெச்சா வெடிச்சிடும்.

சித்தப்பா மாட்டிக்கிட்டு வேலைக்குப் போனாரு. சாயங்காலம் வந்து சொன்னாரு, "அழகா இருக்குடா, ஆனா இதை உருவ ரெண்டு கை வேணும். ஏணில நிக்கும்போது எனக்கு ஒரு கைதான்டா மிச்சம்." எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, ஏன்னா நான் பிளேயரை அளந்தேன், பிளேயர் எடுக்கிற கையைப் பாக்கவே இல்ல. அவரு இடது கைக்காரரு வேற, நான் வலது இடுப்புக்குத் தச்சிருக்கேன். மறுபடி செஞ்சேன், வாயைக் கொஞ்சம் அகலமாக்கி, கைப்பிடி முன்பக்கம் சாயிற மாதிரி, கட்டைவிரல் போக ஒரு வளைவு வெட்டி. ரெண்டு வருஷமா அதுதான் அவரு இடுப்புல இருக்கு. இப்பல்லாம் யார் கேட்டாலும் முதல்ல சாமானை எடுத்து வேலை செஞ்சு காட்டச் சொல்றேன், அப்புறம்தான் பேப்பர்ல வரையறதே.

உங்க கதையும் போடுங்க.

*

அண்ணே, நான் உடன்குடி பக்கம். எங்க பெரியப்பா பனையேறி. பாளை சீவுற அருவாளுக்கு ஆசையா ஒரு தோல் உறை தச்சுக் குடுத்தேன். ரெண்டே நாள்ல திருப்பிக் குடுத்துட்டாரு. வேர்வையும் பதநீரும் பட்டு தோல் ஊதிப்போய் மரத்து மேல வெச்சு அருவா பாதில மாட்டிக்கிச்சாம், கேட்டதும் எனக்கு உசுரே போச்சு. போதாததுக்கு அந்தக் கூரு பட்டு ஓரத்துத் தையல் நாலு இழை அறுந்திருந்துச்சு. கத்தி உறைன்னா ரெண்டு தோலுக்கும் நடுவுல ஒரு தோல் வார் குடுத்துத் தைக்கணும், அப்பத்தான் கூரு நூல்ல படாதுன்னு பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அவரு வழக்கமா இடுப்புல கட்டுற அருவாப்பெட்டிய காட்டுனாரு. வாய் அகலம், திரும்பிப் பாக்காமலே கைய பின்னால கொண்டு போயி போடுறாரு எடுக்குறாரு. அதைப் பாத்த பிறகு அருவாளுக்கு உறை தைக்கிற எண்ணத்தையே விட்டுட்டேன். அந்தப் பெட்டியைக் கட்ட நல்ல தடிப்பா ஒரு தோல் வார் மட்டும் செஞ்சு குடுத்தேன், அது புடிச்சிருந்துச்சு அவருக்கு. இன்னொண்ணு, அருவாளோ கத்தியோ வேலை முடிஞ்சதும் தோல் உறைக்குள்ளயே மாசக்கணக்கா வெச்சிராதீங்க, தோல் ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், துரு ஏறிடும்.

*

நான் ஹூஸ்டன்ல இருக்கேன், இங்க நிஜத் துப்பாக்கிக்கே தைக்கிறேன். பக்கத்து வீட்டுத் தாத்தா லைசென்ஸ் வெச்சிருக்கிறவரு, ஒரு ஹோல்ஸ்டர் கேட்டாரு. துப்பாக்கியை நான் தொடவே மாட்டேன்னு முதல்லயே சொல்லிட்டேன். அதே சைஸ்ல நீல கலர் பிளாஸ்டிக் டம்மி கிடைக்கும், அதை வெச்சுத்தான் தோல் மோல்டு பண்றது. டிரிகர் இருக்கிற இடம் முழுசா மூடணும், அதுல மட்டும் யார் சொன்னாலும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

வலது இடுப்புல வர்ற மாதிரி செஞ்சு குடுத்தேன். அவரு நாள் பூரா பிக்கப் டிரக் ஓட்டுறவரு. உக்காந்தா சீட்டு இடிக்குது, சீட் பெல்ட் மறைக்குதுன்னாரு. நீங்க சொன்ன அதே விஷயம்தான், நான் அவரை நிக்க வெச்சு அளவெடுத்தேன், அவரு உக்காந்தே இருக்கிற ஆளு. அப்புறம் இடது பக்கம் முன்னால மாட்டி வலது கையால குறுக்க எடுக்கிற மாதிரி மாத்தினேன், சரியாயிடுச்சு.

*

நான் இப்பத்தான் ஆரம்பிக்கிறேன். தையல் மெஷின்ல போடலாமா? நூல்ல தேய்க்கிற மெழுகு எங்க வாங்குறீங்க?

*

சாதா மெஷின் வேணாம்மா, 3 மில்லி மீட்டர் ரெண்டு மடிப்பை அது தாங்காது. ஒரே நூல், ரெண்டு முனைலயும் ஊசி, ஒவ்வொரு ஓட்டைலயும் ரெண்டு ஊசியும் எதிரெதிரா போகணும். ஒரு இடத்துல நூல் தேஞ்சு அறுந்தாலும் இன்னொரு பக்கத்து நூல் புடிச்சுக்கும், கடகடன்னு பிரிஞ்சு வராது. தைக்கப்போற நீளத்துக்கு நாலு மடங்கு நூல் எடுத்துக்கோங்க, பாதில பத்தாமப் போச்சுன்னா ரொம்பக் கஷ்டம். தேன்மெழுகு நாட்டு மருந்துக் கடைல கிடைக்கும். நூலை அதுமேல ரெண்டு மூணு தடவை இழுத்தா போதும்.