ஓய்வுக்குப் பின் கூடிய எடையும் முழங்கால், முதுகு வலியும்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். காலாட்படையில் 22 ஆண்டுகள் பணியாற்றி, ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வயது 47. பணியில் இருந்தபோது 74 கிலோவாக இருந்த என் எடை இப்போது 92 கிலோ. 30 கிலோ முதுகுப்பையுடன் மலைப்பாதையில் நாள் முழுக்க ஏறி இறங்கிய கால்கள் இவை. இன்று காலையில் மாடிப்படி இறங்க வேண்டுமென்றால், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதங்களையும் ஊன்றித்தான் இறங்க முடிகிறது. காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தால் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது.

மூட்டுத் தேய்மானம் தொடக்க நிலையில் இருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்கிறார் மருத்துவர். நடந்தால்தானே எடை குறையும். நடந்தால் முழங்கால் வீங்கிவிடுகிறதே! பழைய பயிற்சியை நினைத்துக்கொண்டு ஓடிப் பார்த்தேன், மூன்றாம் நாளே படுத்துவிட்டேன். இந்த வலிக்குக் காரணம் அன்று சுமந்த சுமையா, இன்றைய எடையா? எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1 (முன்னாள் படைவீரர்)

ஐயா, நீங்கள் செய்த தவற்றையே நானும் செய்தேன். பணியில் இருந்த நாட்களில் உடல் எரித்த அளவுக்குத் தட்டில் உணவு விழுந்தது. ஓய்வுக்குப் பின் உழைப்பு நின்றுவிட்டது, தட்டு மட்டும் அப்படியே இருந்தது. எனக்கு எடை கூடியதில் பெரும்பகுதி வெளியே வந்த முதல் இரண்டு ஆண்டுகளில்தான். அதனால் நான் முதலில் கை வைத்தது ஓட்டத்தில் அல்ல, உணவின் அளவில். முதல் 5 கிலோ குறைந்தது ஏறக்குறைய முழுவதும் சாப்பாட்டைக் குறைத்ததால்தான். அதன் பிறகே நடக்கத் துணிவு வந்தது.

பதில் 2 (இயன்முறை மருத்துவர்)

அன்றைய சுமையா, இன்றைய எடையா என்று கேட்டீர்கள். இரண்டும்தான், ஆனால் இன்று உங்களால் மாற்றக்கூடியது ஒன்றுதான். பல ஆண்டுகள் பாரம் தூக்கியது, உயரத்திலிருந்து குதித்தது, அதிரும் வண்டிகளில் மணிக்கணக்கில் அமர்ந்தது, சரியாக ஆறுவதற்குள் பணிக்குத் திரும்பிய பழைய காயங்கள் ஆகியவை மூட்டிலும் முதுகிலும் தடம் பதித்திருக்கும். அதன் மேல்தான் இப்போதைய எடை அமர்கிறது. முழங்கால் தேய்மானம் உள்ள பருமனானவர்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைவது தெரியவந்தது. முதுகுப்பையை முகாமில் இறக்கி வைக்க முடிந்தது. கூடிய 18 கிலோவோடுதான் நாள் முழுக்க நடமாடுகிறீர்கள்.

பாரம் மட்டுமே காரணமும் அல்ல. கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களைச் சுரக்கிறது. உடலைத் தாங்காத கைவிரல் மூட்டுகளிலும் பருமனானவர்களுக்குத் தேய்மானம் கூடுதலாகக் காணப்படுவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. முதுகு வலிக்கும் எடைக்குமான தொடர்பு முழங்காலைப் போல அவ்வளவு நேரடியானது அல்ல. தூக்கம், மன அழுத்தம், பணிக்கால நினைவுகள் தரும் பதற்றம் ஆகியவையும் அதில் கலந்திருக்கும். ஆகவே எடை குறைந்தும் முதுகு உடனே சரியாகவில்லை என்றால் மனம் தளர வேண்டாம்.

2013இல் வெளியான மற்றோர் ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 454 பேரை 18 மாதங்கள் கவனித்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு, பயிற்சியை மட்டும் செய்தவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. எனவே இரண்டையும் ஒன்றாகத் தொடங்குங்கள், ஆனால் ஓட வேண்டாம். நாற்காலியில் அமர்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, தொடைத்தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. நீச்சல் குளத்தில் மார்பளவு நீரில் நடப்பதும், இருக்கையைச் சற்று உயர்த்திய சைக்கிளும் முழங்காலுக்கு இதமானவை. பயிற்சியின்போது சற்று வலித்தால் பயப்பட வேண்டியதில்லை. மறுநாளும் வலி தணியாமலோ வீக்கத்துடனோ இருந்தால் அளவைக் குறையுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு முன்னேறு என்று படையில் கற்றது இங்கே உதவாது. அதை உங்களைப் போன்றவர்களிடம் சொல்லிப் புரியவைப்பதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது.

பதில் 3 (மருந்தாளுநர்)

வலிநிவாரணி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். இரைப்பைப் புண், சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்த உயர்வு எல்லாம் வரக்கூடும். நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவை சிலருக்கு எடையைக் கூட்டும். முதுகு வலியோடு கால் பலவீனம், சிறுநீர் கழிப்பதில் தடை அல்லது கட்டுப்பாடின்மை, தொடையிடுக்கில் மரமரப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பிரிகாபலினை ஓராண்டாக எடுத்து வருகிறேன். பசி கூடியதும் ஏறக்குறைய அப்போதிலிருந்துதான். இரண்டையும் நான் இணைத்துப் பார்த்ததே இல்லை. நானாக நிறுத்தாமல், வரும் வாரம் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்கிறேன். நாற்காலிப் பயிற்சியை இன்று காலை செய்தேன். இடது கால் ஏழாவது முறையிலேயே நடுங்கத் தொடங்கியது, அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.