அப்பாவின் இரண்டு துப்பாக்கி, ஒரு ஏர்கன், நான்கு கத்தி: கோத்தகிரியிலிருந்து முறையாகக் கைமாற்றுவது எப்படி?

கோத்தகிரி மேட்டுக்காரன்:

அப்பாவுக்கு 74 வயது. டிசம்பரில் கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறோம். ஆயுதம் எதுவும் கூட வரக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார்.

லைசென்ஸில் இருப்பவை இரண்டு: 1983 முதல் அவர் பெயரில் உள்ள இங்கிலாந்து 12 போர் (குழல் அளவு) டபுள் பேரல், அதாவது இரட்டைக்குழல் துப்பாக்கி, பிறகு வாங்கிய செக் நாட்டு .22 பிர்னோ ரைஃபிள். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறது, யுஐஎன் (லைசென்ஸுக்கான தனி அடையாள) எண்ணும் உண்டு. லைசென்ஸில் இல்லாதது ஒரு பழைய .22 ஏர்கன். கத்தியில் ஒரு குக்ரி (கூர்க்கா வளைகத்தி), ஒரு குடகுப் பிச்சங்கத்தி (குடகுக்காரர்களின் பாரம்பரியக் குத்துவாள்), ஒரு கத்திக்கோல் கைத்தடி (உள்ளே வாள் இருக்கும்), ஷெஃபீல்டு வேட்டைக் கத்தி ஒன்று. கடைசிக் கத்தியின் பிடி தந்தம் போலத் தெரிகிறது.

12 போரை மசினகுடியில் இருக்கும் தம்பி பெயருக்கு மாற்றலாமா? .22 ரைஃபிளை மைசூரில் ஒருவர் கேட்கிறார். கத்திகளைச் சேகரிப்பாளர் யாருக்காவது தரலாம் என்று எண்ணம். விற்கும் முன் எல்லாவற்றையும் நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டுமா?

கலெக்டரேட் வராண்டா:

முதலில் தேய்க்காதீர்கள். அதை அடுத்து வருபவர்கள் சொல்வார்கள். நான் காகிதத்தை மட்டும் சொல்கிறேன்.

லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள சீரியல் எண்ணையும் துப்பாக்கியில் உள்ள எண்ணையும் இன்றைக்கே ஒப்பிடுங்கள். பழைய புத்தகங்களில் கையெழுத்தில் ஏறிய எண் கணினியில் ஏறும்போது 1 என்பது 7 ஆகும், 3 என்பது 8 ஆகும். ஓர் இலக்கம் மாறினாலும் ஊட்டியில் கோப்பு அப்படியே நிற்கும். முதலில் திருத்த மனு, அது முடிந்த பிறகுதான் விற்பனை மனு. டபுள் பேரலில் எண் பல இடத்தில் இருக்கும்: டிரிகர் கார்டின் வால், பேரலின் அடித்தட்டை, முன்கட்டையின் (பேரலுக்கு அடியில் கை பிடிக்கும் கட்டை) இரும்பு. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்கட்டை எண் மட்டும் வேறாக இருந்தால் அது வேறு துப்பாக்கியிலிருந்து வந்தது என்று அர்த்தம். சட்டப்படி சிக்கல் இல்லை, விலை இறங்கும்.

தம்பிக்கு மாற்றுவதற்கு 2016 ஆயுத விதிகளில் வாரிசு வழி இருக்கிறது. உரிமதாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, ஆயுதத்தை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதிருந்து, உயிரோடு இருக்கும்போதே வாரிசு ஒருவருக்குக் கொடுக்கலாம். உங்கள் அப்பாவுக்கு இரண்டுமே பொருந்தும். தம்பி புதிதாக ஏ-1 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும்: மருத்துவச் சான்று, ஆயுதம் கையாளும் பயிற்சிச் சான்று, பாதுகாப்பாக வைக்கும் உறுதிமொழி. மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதத்தையும் முதலிலேயே எழுதி வாங்கி வைத்தால் இரண்டு நடை மிச்சம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான், வாரிசு வழியில் வந்தாலும் அதே கணக்கு. தம்பியிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

ரைஃபிளை வெளியாளுக்குக் கொடுக்க ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவு. விற்கும் எண்ணத்தையும், வாங்குபவர் பெயர் முகவரியையும் எழுத்தில் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் கழியாமல் கைமாற்றக் கூடாது. நான் இரண்டு இடத்துக்கும் கொடுக்கச் சொல்வேன். கடிதத்தில் லைசென்ஸ் எண், யுஐஎன், போர், தயாரிப்பு, சீரியல், வாங்குபவரின் லைசென்ஸ் எண் எல்லாம் வரட்டும். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், 45 நாள் அந்தத் தேதியிலிருந்துதான். வாங்குபவர் லைசென்ஸில் .22 ரைஃபிளுக்கு இடம் காலியாக இருக்கிறதா, வாங்குவதற்குக் கொடுத்த கெடு முடியவில்லையா, இரண்டையும் உங்கள் கண்ணால் பாருங்கள். முன்பணம் வாங்கிய பிறகு கெடு முடிந்துபோன லைசென்ஸ் என்று தெரிவதுதான் அடிக்கடி நடப்பது.

விற்பனை முடிந்ததும் அப்பாவின் புத்தகத்தில் அந்த ஆயுதம் நீக்கப்பட்டதாகப் பதிவு ஏற வேண்டும். அது ஏறாதவரை பொறுப்பு அவருடையதே.

டிசம்பருக்குள் முடியாவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதைவிட, கோவையில் லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடம் ரசீதோடு வைப்பது மேல். நிலைய அறையில் யாரும் எண்ணெய் போட மாட்டார்கள். இரண்டு மழைக்காலம் போனால் பேரலுக்குள் துரு குழி விழுந்திருக்கும்.

கூடலூர்க்காரர்:

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மசினகுடி என்றதும் விஷயம் மாறுகிறது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, 34ஆம் பிரிவு: சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத லைசென்ஸ் கொடுக்க வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். மசினகுடி முதுமலையை ஒட்டியே இருக்கிறது. தம்பியின் வாரிசு லைசென்ஸும் புதிய லைசென்ஸ்தான், அதனால் கோப்பு வனத்துறைக்கும் போய் வரும். அந்தச் சுற்றளவில் லைசென்ஸ் வைத்திருப்பவர் தன் பெயரை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவும் செய்ய வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் மட்டும் விசாரித்துவிட்டு "ஏன் இன்னும் வரவில்லை" என்று காத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். தம்பிக்கு வேறு ஊரில் நிரந்தர முகவரி இருந்தால் அதை யோசியுங்கள். துப்பாக்கியும் அங்கேதான் இருக்க வேண்டும், பெயருக்கு முகவரி காட்டக் கூடாது.

மைசூர் விஷயம் இன்னும் சிக்கல். அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு, எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. தெப்பக்காடு - பந்திப்பூர் சாலை முழுக்க காடு. சுல்தான் பத்தேரி வழியாகச் சுற்றினாலும் முத்தங்காவும் பந்திப்பூரும் குறுக்கே வரும். திம்பம் வழியும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள்தான். உறையில், தோட்டா இல்லாமல், லைசென்ஸ் கையில் வைத்திருந்தாலும் சோதனைச்சாவடியில் வாக்குவாதம் நிச்சயம். கோவை வியாபாரியிடம் ஒப்படைத்து, அங்கிருந்து மைசூர்க்காரர் தன் ஊர் வியாபாரி மூலம் எடுத்துக்கொள்ளட்டும். வாங்குபவர் லைசென்ஸ் கர்நாடகத்துக்கு மட்டும் செல்லும் என்றால் தமிழ்நாட்டில் அவர் அதைக் கையில் வாங்கவே முடியாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடகுக்காரர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள். அது குடவர்களுக்கும் ஜம்மா நிலம் (குடகின் பரம்பரை நில உரிமை) உடையவர்களுக்கும் உள்ள தனி விலக்கு, உங்கள் வாங்குபவருக்கு அது பொருந்தும் என்று நினைத்து எதுவும் செய்யாதீர்கள்.

பேரல் முப்பது:

பாலிஷ் பற்றி: விலையில் பாதி பழைய மேற்பரப்பில் இருக்கிறது. கம்பி பிரஷ், எமரி தாள், பித்தளை பாலிஷ் எதுவும் பேரலிலும் ஆக்ஷனிலும் (பேரல் பூட்டும் இயந்திரப் பகுதி) படக் கூடாது. கருநீலப் பூச்சு போனால் திரும்ப வராது. மறுபூச்சு போட்டால் எழுத்தும் செதுக்கலும் மழுங்கும், வாங்குபவர் அதை முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பார். பழைய பனியன் துணியில் லேசாக மினரல் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். நம்ம ஊரில் எல்லாவற்றுக்கும் யூகலிப்டஸ் தைலத்தைத் தேடுவார்கள். அது பழைய வார்னிஷைக் கரைக்கும், வால்நட் கட்டையில் போடாதீர்கள்.

தோல் பெட்டியில் வைத்திருந்தால் இப்போதே வெளியே எடுங்கள். ஈரத்தைத் தோல் பிடித்துவைக்கும், பதனிட்ட அமிலமும் சேர்ந்து இரும்பைத் தின்னும். பெட்டியைத் தனியாக உலர்த்தி வையுங்கள், அதற்கும் விலை உண்டு.

இனி 12 போர். பேரலைக் கழற்றி அடித்தட்டையைப் பாருங்கள். அங்கே ப்ரூஃப் முத்திரைகள் (பேரலை வெடித்துச் சோதித்ததற்கான அடையாளம்) இருக்கும். "நைட்ரோ ப்ரூஃப்" என்று இருந்தால் புகையில்லாத வெடிமருந்துக்குச் சோதித்தது. அது இல்லாமல், பேரலில் சுருள் சுருளான வரி தெரிந்தால் டமாஸ்கஸ் பேரலாக (இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சேர்த்த பழைய வகை) இருக்கலாம். அதில் இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடவே கூடாது. அடுத்து சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) நீளம். பழைய இங்கிலாந்து துப்பாக்கிகளில் 2½ அங்குலம் அதிகம். இப்போது கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே போகும், பூட்டும் விழும். ஆனால் வெடித்து விரியும்போது அதன் வாய் சேம்பரைத் தாண்டிக் கூம்புக்குள் திறக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. "உள்ளே போனது, சரியாகத்தானே இருக்கிறது" என்ற எண்ணம்தான் ஆபத்து. வாங்குபவருக்கு இதை எழுதிக் கொடுங்கள்.

பேரல் சோதனை: முன்கட்டையையும் பேரலையும் கழற்றி, பேரலின் அடிக்கொக்கியை விரலில் மாட்டித் தொங்கவிட்டுப் பென்சிலால் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் நன்று. சலசலத்து மங்கினால் இரண்டு பேரலுக்கும் நடுவில் உள்ள ரிப்பின் (இணைப்புப் பட்டை) ஈயப் பற்று விட்டிருக்கிறது. அதன் கீழே பல வருட ஈரம் தங்கி உள்ளிருந்து துரு பிடித்திருக்கும். மூடியபின் பேரலுக்கும் ஆக்ஷன் முகத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தாலோ, முன்கட்டை இல்லாமல் அசைத்தால் ஆடினாலோ தேய்மானம். வெறுமனே டிரிகரைத் தட்டிக் காட்டாதீர்கள், பழைய ஃபயரிங் பின் உடையும். ஸ்னாப் கேப் (வெடிக்காத போலித் தோட்டா) போடுங்கள்.

தனிநபருக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்று பல பத்தாண்டு ஆகிறது, நல்ல இங்கிலாந்து டபுள் பேரலுக்கு இன்றும் கேட்பார் உண்டு. அவசரத்தில் முதல் வியாபாரி சொன்ன விலைக்குத் தராதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு ஏலம் விடுவதும் வேண்டாம்.

ஏர்கன்: 20 ஜூல் ஆற்றலோ .177 அங்குல போரோ தாண்டினால் 2016 விதிப்படி அதற்கும் லைசென்ஸ். .22 என்றால் தாண்டிவிட்டது. இதை யாருக்கும் விற்கவோ "சும்மா எடுத்துக்கோ" என்று கொடுக்கவோ கூடாது. வக்கீல் மூலம் எழுத்தில் மனு கொடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். காசு வராது, நிம்மதி வரும்.

கத்திப்பட்டறை:

கத்தியில் முதலில் அளவுகோல். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுத விதியின் ஐந்தாம் வகை. வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்குச் செய்தவை அதில் சேராது, தேயிலைக் கவாத்துக் கத்திக்கு யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் கைத்தடி வாள் பெயரோடு அதில் இருக்கிறது, குக்ரியும் இருக்கிறது. ஆயுதச் சட்டம் 4ஆம் பிரிவின்படி அரசு அறிவிப்பு உள்ள பகுதியில்தான் இவற்றுக்கு லைசென்ஸ் கட்டாயம். உங்கள் இடத்துக்கும் வாங்குபவர் இடத்துக்கும் என்ன நிலை என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பிச்சங்கத்தியை உறையிலிருந்து உருவி நுனி முதல் பிடி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாக் கத்தியையும் உறையிலிருந்து வெளியே வையுங்கள். பித்தளைக் காப்பில் பச்சைக் களிம்பு ஊறியிருக்கும். மூங்கில் குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். அலகில் சாம்பல் கறை பழமை, அதை விடுங்கள். செந்துருவுக்கு மட்டும் எண்ணெயும் குச்சியும். பிச்சங்கத்தி உறையில் வெள்ளிப் பூண் இருந்தால் அதைக் கழற்றித் தனியாக எடை போட்டு விற்பவர்கள் உண்டு. கழற்றினால் கத்தியின் மதிப்பே போயிற்று.

ஷெஃபீல்டு கத்தியை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தந்தமா எலும்பா என்று பிடியின் வெட்டுமுகத்தை லென்ஸில் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாகச் சாய்வுக் கோடுகள் வலைபோல் தெரிந்தால் தந்தம், கருப்புப் புள்ளியும் சிறு கோடுமாக இருந்தால் எலும்பு. சூடான ஊசி வைக்காதீர்கள், அது பிளாஸ்டிக்கை மட்டும் காட்டும், கூடவே தழும்பும் விழும். இந்திய யானைத் தந்த வாணிகம் 1986இலும் ஆப்பிரிக்கத் தந்த வாணிகம் 1991இலும் உள்நாட்டில் தடையாயிற்று. உடைமைச் சான்று இருந்தால்கூட விற்க முடியாது, வாரிசுக்குப் போகலாம். வேண்டாம் என்றால் வனவிலங்குச் சட்டம் 42ஏ பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு 7 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்படைக்கலாம், ஈடு எதுவும் கிடைக்காது. சான்று இல்லாவிட்டால் வக்கீலோடு மாவட்ட வன அலுவலரிடம் போங்கள். பிடியைக் கழற்றி மரப்பிடி போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். கழற்றிய தந்தம் உங்கள் வீட்டில்தானே இருக்கும்? கடமான் கொம்புப் பிடி இருந்தாலும் விற்க நினைக்காதீர்கள்.

நூறு ஆண்டு தாண்டிய எதையும் வெளிநாட்டு வாங்குபவருக்கு அனுப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள். தொல்பொருள் சட்டத்தில் தனிநபர் ஏற்றுமதிக்கு இடமே இல்லை.

கோத்தகிரி மேட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் 10 கிலோமீட்டர் விஷயத்தைப் பேசிவிட்டு முடிவு செய்கிறோம். பழைய 12 போர் தோட்டா ஒரு டப்பா இருக்கிறது, காகித உறை, சில வீங்கியிருக்கின்றன. துப்பாக்கியோடு சேர்த்துக் கொடுத்துவிடலாமா?

கலெக்டரேட் வராண்டா:

வீங்கியதைப் பிரிக்கவும் வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். எண்ணி எழுதி, காவல் நிலையத்தில் துப்பாக்கி விவரத்தோடு ஒப்படையுங்கள். நல்ல தோட்டாவைக்கூட லைசென்ஸ் உள்ளவருக்கோ வியாபாரிக்கோதான் தர முடியும், அதுவும் புத்தகத்தில் கணக்கு சேர வேண்டும். துப்பாக்கி நீங்கிய பிறகு தோட்டா மட்டும் வீட்டில் இருந்தால் அது தனிக் குற்றம், அதனால் இதையே முதல் வேலையாக வையுங்கள். ஒப்படைத்த ரசீதின் நகலை விற்பனை மனுவோடு இணைத்தால் ஊட்டியில் ஒரு கேள்வி குறையும்.