சூரியப் படகின் மின்கல அடுக்கு: ‘மின்னிறக்க ஆழம்’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

சூரியமின் படகோட்டிகளுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘டெப்த் ஆஃப் டிஸ்சார்ஜ்’, அதாவது மின்கலத்தின் முழுக் கொள்ளளவில் எவ்வளவு பங்கு மின்னை இறக்குகிறோம் என்பதற்கு மட்டும் சொல் அமையாமல் நிற்கிறேன். மின்கல அடுக்கின் அளவைக் கணிக்கையில் வகுக்கும் எண்ணே இதுதான் என்பதால் இதைத் தவிர்த்து எழுத வழியில்லை. 48 வோல்ட்டில் இயங்கும் சிறு படகொன்றின் மோட்டார் 2 கிலோவாட் வீதம் வெயிலின்றி 4 மணி நேரம் ஓட 8 கிலோவாட் மணி வேண்டும். ஈய அமில மின்கலத்தைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால், 8-ஐ 0.5-ஆல் வகுத்து 16 கிலோவாட் மணி, அதாவது ஏறத்தாழ 333 ஆம்பியர் மணி கொண்ட அடுக்கை ஏற்ற வேண்டும். 80 விழுக்காடு வரை இறக்கத்தக்க லித்தியம் மின்கலமானால் 10 கிலோவாட் மணி போதும், படகின் சுமையும் குறையும்.

‘மின்னிறக்க ஆழம்’ என்று முன்பு இங்கே பரிந்துரைத்தார்கள். நீரின் ஆழத்தைப் பற்றி ஓர் இயலே உள்ள கையேட்டில், ‘ஆழம் 50-ஐத் தாண்டக் கூடாது’ என்று படிக்கும் படகோட்டி எதை நினைப்பார்? கடல்நீர் ஏறி இறங்குவதற்குக் கடற்கரையில் வழங்கும் ஏற்றவற்றத்தையும் ஈழத்தில் வழங்கும் வற்றுப்பெருக்கையும் ஒட்டி ‘வற்றளவு’ என்கிறேன்.

*

ஐயா, வற்றுதல் தன்வினை. மின்கலம் சும்மா கிடந்தே இழக்கும் மின்னுக்கு அது பொருந்தும், மோட்டார் இழுப்பதற்குப் பொருந்தாது. அதற்கு வடித்தல் என்னும் பிறவினையே தகும்; ஆனால் ‘வடிப்பளவு’ என்றால் சோற்றுப்பானை நினைவுக்கு வரும். என் விருப்பம் 478-ஆம் குறளின் ‘ஆகாறு’ (பொருள் வரும் வழி), ‘போகாறு’ (பொருள் போகும் வழி) இணைதான். கேரளத்தில் வைக்கத்திற்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஓடும் 75 பேர் அமரும் ‘ஆதித்யா’ படகில், கூரையிலுள்ள 20 கிலோவாட் தகடுகள் அடுக்கை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே மோட்டார்கள் அதை வடிக்கின்றன. வருவாயும் செலவும் ஒரே வேளையில் நிகழும் அந்நிலையை இவ்விரு சொற்களைவிடச் செறிவாகச் சொல்ல முடியுமா?

*

இருவர் கருத்தையும் மதிக்கிறேன்; எனினும் பணிமனையில் எவரும் ‘பேட்டரி வற்றிவிட்டது’ என்பதில்லை, ‘இறங்கிவிட்டது’ என்றே சொல்கிறார்கள். வற்றிய குளத்தில் நீரே இராது. பாதி இறங்கிய மின்கலத்திலோ பாதி மின் இருக்கிறது. போகாறு அழகிய சொல்லாயினும் வெள்ளிக்கிழமைக்குள் அதைப் படகோட்டிக்கு விளக்க இயலாது. ‘மின்னிறக்க வீதம்’ என்றால் இறங்கும் வேகத்தோடு குழம்பும். ஆகவே ‘மின்னிறக்க விழுக்காடு’ என்றும், எஞ்சியதை ‘மின்னிருப்பு’ என்றும் எழுதுங்கள். ஈழத்தில் மின்னேற்றம் என்பது மின்கலத்தை நிரப்புவதை அன்றி, பொருளொன்றிலுள்ள மின்னூட்டத்தையே குறிப்பதால், ‘ஏற்றம்’ வரும் இடங்களில் மட்டும் ஓர் அடிக்குறிப்பு வேண்டும்.

*

நால்வர் இசைந்துவிட்டதால் ‘மின்னிறக்க விழுக்காடு’ என்றே அச்சுக்குத் தருகிறேன். விழுக்காடு என்பது அலகைச் சொல்கிறதே அன்றி அளக்கப்படும் பொருளைச் சொல்லவில்லை என்னும் என் மறுப்பு அப்படியே இருக்கிறது; அடுத்த பதிப்பின்போது ‘வற்றளவை’ மீண்டும் முன்வைப்பேன்.